மூன்று வருடம் டயர் காற்றை நானே அளந்து பார்த்ததில் தெரிந்தது

மாதம் இரண்டு முறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், நான்கு டயரிலும் காற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இது மூன்று வருடமாக நடக்கிறது. ஆரம்பித்தது மைலேஜுக்காக, ஆனால் இன்று வரை விடாமல் செய்வதற்குக் காரணம் வேறு.

டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் என் காருக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது. முதல் நாள் அளந்தபோது 27, 26, 28, 27. கண்ணால் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. ரேடியல் டயர் சரியான காற்றிலும் கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும், அதனால் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதை நம்ப வேண்டாம். டேஷ்போர்டில் டயர் காற்றுக்கான எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் 33க்கு அது கிட்டத்தட்ட 25 பிஎஸ்ஐ, 26ல் விளக்கு பேசாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சரி, மைலேஜுக்கு வருவோம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது, நசுக்கச் செலவான சக்தி முழுவதும் திரும்பி வராமல் ஒரு பகுதி ரப்பரில் சூடாகப் போய்விடுகிறது, அந்தச் சூடு நம் பெட்ரோல்தான். ஆனால் அளவு எவ்வளவு? நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. ஆறு பிஎஸ்ஐ குறைவு என்றால் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிப் பார்த்த என் கணக்கிலும் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் அளவில்தான் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் பல டேங்க் சராசரி எடுத்த பிறகு. ஒரு டேங்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால் நெரிசலும் ஏசியும் இதை விழுங்கிவிடும். காற்று அடித்ததும் மைலேஜ் எகிறும் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

ஓட்டும் விதத்தில்தான் பெரிய மாற்றம். 33க்கு நிரப்பிய அன்றே ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பியது, அதுவரை ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருந்ததை நான் காரின் குணம் என்றே நினைத்திருந்தேன். இன்னொரு முறை வண்டி இடப்பக்கம் இழுத்தது, அலைன்மென்ட் பார்க்கக் கொடுக்கலாம் என்று இருந்தேன், அளந்தால் முன் இடது டயரில் மட்டும் 5 பிஎஸ்ஐ குறைவு. சோப்புத் தண்ணீர் விட்டதும் வால்வில் குமிழி வந்தது. வால்வின் உள்ளே இருக்கும் பின்னை மாற்றியதோடு முடிந்தது.

மழைதான் எனக்கு முக்கியம். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி சாலையை அழுத்தமாகப் பிடிக்காது, தண்ணீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் குறைந்த வேகத்திலேயே அதன் மேல் மிதக்க ஆரம்பிக்கும். குடும்பத்தோடு போகும்போது இந்த ஒன்றுக்காகவே அளப்பேன்.

அதிகமாக அடித்தும் பார்த்தேன், இரண்டு வாரம் 39. ஸ்டீயரிங் லேசானது, ஆனால் மோசமான சாலையில் வண்டி துள்ளியது, மேடு பள்ளத்தில் பிரேக் பிடித்தால் டயர் தரையை விட்டு விட்டுப் பிடிப்பது போல இருந்தது. அப்படியே ஓட்டினால் நடுப்பகுதி சீக்கிரம் தேயும், குறைவான காற்றில் இரண்டு ஓரமும் தேயும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.

அளக்கும்போது டயர் ஆறியிருக்க வேண்டும், வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருந்தால் நல்லது. ஓட்டி வந்த சூட்டில் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாகத்தான் இருக்கும். வெயில் மாறினாலும் மாறும், 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் இறங்குகிறது. எப்போதும் ஒரே கேஜில் அளப்பது நல்லது. ஆள், சாமான் நிறைய ஏற்றினால் ஸ்டிக்கரில் பின் டயருக்குத் தனி அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஸ்டெப்னி. என் காரில் இருப்பது ஒல்லியான தற்காலிக டயர், அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும். ஒரு வருடம் கழித்து ஞாபகம் வந்து அளந்தபோது 38 இருந்தது. இப்போது நோட்டில் அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன்.