40 வரி ஆளுமைத் தாள்: புதுக் குருமாருக்கு எதுவரை உதவும்?

லெஸ்லி பிரான்சிஸ் ஆங்கிலிக்கன் குருவானவர், உளவியலாளரும்கூட. அவர் 2005-ல் வெளியிட்ட ஆளுமைத் தாளில் 40 வரிகள். வரிக்கு இரண்டு தெரிவு, தன் சுபாவத்துக்கு நெருக்கமானதில் டிக் போட்டால் போதும். அகமுகமா புறமுகமா, புலனறிவா (கண்முன் உள்ள விவரம்) உள்ளுணர்வா (வரப்போகும் பெரிய சித்திரம்), சிந்தனையா உணர்வா, திட்டமிடுவதா போக்கில் விடுவதா என நான்கு அளவுகோல், தலா 10 வரி. இதே நான்கையும் அளக்கும் பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் தாளைவிடச் சின்னது, சலிப்புத் தட்டாது.

கோளாறு மதிப்பெண் கூட்டும்போதுதான். 6-4 வாங்கியவருக்கும் 10-0 வாங்கியவருக்கும் ஒரே முத்திரை. 5-5 என்றால் அகமுகம், உள்ளுணர்வு, உணர்வு, போக்கு என்ற பக்கத்தில் சேர்ப்பது வழக்கம். ஆக நடுவில் நிற்பவர் அடுத்த முறை வேறு ஆளாக வந்து நிற்பார். முத்திரையை மட்டும் தராமல் நான்கு எண்களையும் கையில் கொடுங்கள்.

எண்கள் பயன்படும் இடம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் 626 ஆண் குருமாரை மையர்ஸ்-பிரிக்ஸ் கொண்டு அளந்து 2007-ல் வெளியான ஆய்வில் 57% அகமுகம், 62% உள்ளுணர்வு. கோயிலுக்கு வரும் சபையாரில் பெரும்பாலோர் புலனறிவுப் பக்கம். புதுக் குரு ஆலோசனைக் கூட்டத்தில் பத்தாண்டுக் கனவை விரிப்பார். எதிரே இருப்பவர்கள் கோயிலைச் சூடாக்கும் பாய்லரை யார் பழுதுபார்ப்பது என்று கேட்பார்கள். இருவரும் மற்றவருக்கு விசுவாசம் போதவில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள்! இதை முதல் வருடத்திலேயே, பயிற்றுவிக்கும் மூத்த குருவோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

விசுவாசத்தின் போக்கை இந்தத் தாளில் தேடாதீர்கள். ஒருவர் கத்தோலிக்கச் சாய்வா சுவிசேஷச் சாய்வா, தாராளவாதியா பழமைவாதியா என்பதற்குத் தனி ஏழு புள்ளி அளவுகோல்கள் உண்டு. பக்தி உள்ளிருந்து வருகிறதா, ஊர் உறவுக்காகவா, கேள்வி கேட்டுத் தேடும் வகையா என்பதற்குப் பிரான்சிஸின் 27 வரித் தாள் வேறு. அகமுகக்காரர் என்றால் தியானப் பிரியர், புறமுகக்காரர் என்றால் சுவிசேஷகர் என்று முடிவுகட்டுவது வெறும் ஊகம்.

40 வரித் தாளின் பெரிய ஓட்டை, மனஅமைதியை அது அளக்கவே இல்லை. சோர்ந்து உடையப்போகிறவர் கண்ணில் படமாட்டார். பின்னால் வந்த 50 வரிப் பதிப்பில் அதற்கென 10 வரி சேர்த்திருக்கிறார்கள். வாங்குவதானால் அதையே வாங்குங்கள். விடைத்தாள் பேராயர் அலுவலகத்துக்குப் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடவும். தேர்வு என்று தெரிந்தால் நல்ல குரு எதில் டிக் போடுவாரோ அதில்தான் எல்லோரும் போடுவார்கள்.