வடலூர் தருமச்சாலையில் ஒரு பகல் உணவு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியில், நெய்வேலிக்குச் சற்று முன்பாக வடலூர் இருக்கிறது. பேருந்திலும் போகலாம், இரயிலிலும் போகலாம். அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் சோதி வழிபாடு நடக்கும் சத்திய ஞானசபையைக் காண்பதற்காகவே வருகிறார்கள். ஆனால் வள்ளலார் 1872ஆம் ஆண்டு ஞானசபையைத் திறப்பதற்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முன்னதாகவே, 1867 மே 23 அன்று, பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில், பசித்தவர்க்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். சோதியைக் காட்டுவதற்கு முன் சோறு போட்டார் என்பதே அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

என் தாயாரின் நினைவு நாளுக்காக ஒரு சிப்பம் அரிசியுடன் சென்றிருந்தேன். அரிசியை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளச் சில நிமிடங்களே ஆயின. கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தனி இடமோ தனி மரியாதையோ இல்லை. பந்திக்கு நேரமாகிறது, அமர்ந்து உண்ணுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு இடப்புறம் காவி வேட்டி கட்டிய முதியவர் ஒருவர், வலப்புறம் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். சோறு, குழம்பு, பொரியல், ரசம், மோர் என்று எளிய சாப்பாடுதான். கலியாண விருந்தின் ருசியை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கான இடம் இதுவன்று. ஆனால் சோறு சூடாக இருந்தது, ரசத்தில் மிளகு மணத்தது, போதும் என்று கையை மறிக்கும் வரை வைத்தார்கள்.

நான் கூர்ந்து கவனித்தது பரிமாறிய விதத்தைத்தான். பரிமாறிய பெரியவர் எங்கள் மூவரிடமும் ஒரே குரலில், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, ஐயா?", "அம்மா, பிள்ளைக்குக் குழைவாகப் போடட்டுமா?" என்று கேட்டார். எந்த ஊர், என்ன தொழில், ஏன் வந்தீர்கள் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. பசித்தவரின் தேசம், சமயம், சாதி, நடத்தை ஆகியவற்றை விசாரிக்காமல் உணவளிக்க வேண்டும் என்று வள்ளலார் வகுத்த நெறியை நான் முன்பே படித்திருக்கிறேன் என்றாலும், அந்தப் பந்தியில் உட்கார்ந்தபோதுதான் அதன் அருமை விளங்கியது. வேறோர் ஊரில், அன்னதான வரிசையில் நின்ற கிழவி ஒருத்தியை, "நேற்றும் வந்தாயே" என்று ஒருவர் அதட்டியதைப் பார்த்து, கையில் வாங்கிய சோறு இறங்காமல் நின்றிருக்கிறேன். கொடுப்பவர் உதிர்க்கும் ஒரு சொல்லே உண்பவரின் தலையைக் குனிய வைத்துவிடும்.

உண்டு முடித்த பிறகு அணையா அடுப்பைப் பார்த்தேன். 21 அடி நீளமும் 2.5 அடி அகலமும் கொண்ட அந்த அடுப்பில், வள்ளலார் காலத்தில் மூட்டிய நெருப்பை இன்றுவரை அவியவிடாமல் காத்து வருகிறார்கள். சமையல் இல்லாத வேளையிலும் கட்டைகளை இட்டுக் கனலை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இன்று நிருவாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம் இருந்தாலும், மூன்று வேளையும் அந்த அடுப்பில் உலை ஏறுவதற்கு மக்கள் கொண்டுவந்து சேர்க்கும் அரிசியும் காய்கறியும் விறகும் வேண்டும்.

இங்கே கொடுப்பவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம்மில் பலர் பிறந்த நாள், நினைவு நாள், தைப்பூசம் என்று நாள் பார்த்தே தானம் செய்கிறோம். நானும் அப்படித்தான் சென்றேன். பசிக்கோ பஞ்சாங்கம் கிடையாது. திருவிழா நாளில் கொடுக்கப் பலர் இருப்பார்கள். வேலை நாளொன்றின் இரவுச் சோற்றுக்கு ஒரு படி அரிசி தருவதே அந்த நெருப்பைக் காக்கிறவர்களுக்கு உண்மையான துணை. இடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களும் பூசக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாளில் செல்வது நல்லது.

அடுத்த முறை ஐப்பசி மழைக்காலத்தில், எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தால், காய் நறுக்குகிறவர்களோடு உட்கார அனுமதி கேட்கலாம்.