படத்தில் இருந்தது எங்கள் கதவு இல்லை

இந்தக் கூரியருக்கு ஒரு நட்சத்திரத்துக்கு மேல் தர மனம் வரவில்லை. வர வேண்டியது அம்மாவின் காது மிஷினுக்கான பேட்டரி. செயலியில் 'டெலிவரி முடிந்தது' என்று வந்துவிட்டது, வாசலில் ஒன்றும் இல்லை. ஆதாரமாகப் போட்ட படத்தில் பச்சைக் கதவு. எங்களுடையது பழுப்பு! அந்தப் படத்தையே அனுப்பிக் கேட்டேன். 'எங்கள் பதிவின்படி ஒப்படைத்துவிட்டோம்' என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள்.

பார்சலை ஸ்கேன் செய்த பதிவில், அது ஊழியர் கையில் இருந்தது என்று தெரியும், அவ்வளவுதான். யாருடைய வாசலில் வைத்தார் என்று அது சொல்லாது. வாங்குபவரிடம் ஓடிபி கேட்டிருந்தாலே இது நடந்திருக்காது.

அப்புறம் பின் தெருக்காரர் ஒருவர், பெட்டியில் இருந்த முகவரியைப் பார்த்து, தானே கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அம்மா எங்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டார். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

டெலிவரி செய்த தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவ்வளவு பார்சலையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? விசாரிக்காமலே கைகழுவிய நிறுவனத்தின் மேல்தான் கோபம்.

உங்களுக்கும் இப்படி நடந்தால் விற்றவரிடமும் உடனே புகார் கொடுங்கள். கூரியரை அமர்த்தியது அவர்தான், அவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அவசரப் பொருள் என்றால் வேறு கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.