விக்கா, துண்டா, மொட்டையா: கீமோ நாட்களில் எங்கள் கடற்கரைக்கு எது ஒத்துவரும்?

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் எங்கள் மதினிக்கு மார்புப் புற்றுநோய்க்காக கீமோ தொடங்கியபோது, வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அண்ணன் விக் வாங்கலாம் என்றார். அம்மா, வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுவிடலாம் என்றார். நான் எங்கோ படித்த குளிர்த்தொப்பியைப் பற்றிச் சொன்னேன். மதினி எதுவும் பேசாமல் பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா கீமோ மருந்துக்கும் முடி கொட்டாது. எந்த மருந்து என்று டாக்டரிடம் கேளுங்கள். மதினிக்கு ஏறியது சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்ஸோரூபிசின். அதற்கு அநேகமாக எல்லோருக்கும் கொட்டிவிடும். வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிற மருந்து, முடியின் வேரையும் சேர்த்து அடிக்கிறது. முதல் ஊசி போட்டு இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். கதிர்வீச்சு அப்படியில்லை, படுகிற இடத்து முடிதான் போகும்.

குளிர்த்தொப்பியை நாங்கள் சீக்கிரமே விட்டுவிட்டோம். மருந்து ஏறும்போது தலையைக் குளிரவைத்து, வேருக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. முடியைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் முழுசாக நிற்கும் என்ற உறுதி இல்லை. பாக்ளிடாக்ஸல் வகை கீமோ மருந்து ஏறும்போது பலன் தருகிற அளவுக்கு டாக்ஸோரூபிசினுக்குத் தருவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு ஆகாது. மருந்துக்கு அரை மணி முன்பே போட்டு, முடிந்த பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போய், அன்றைக்கே பஸ் பிடித்துத் திரும்புகிறவருக்கு அந்தக் கூடுதல் நேரம் பெரிய பாரம். பெரிய நகரத்தில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

விக் வாங்கினோம், செயற்கை முடிதான். கண்ணாடியில் பார்த்ததும் மதினி முகம் தெளிந்ததை நான் மறக்கமாட்டேன். அதனால் விக் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஊர்க் காற்றும் புழுக்கமும் அதற்குப் பகை. வலை போன்ற அடிப்பகுதிக்குள் வியர்வை தேங்கி, ஏற்கெனவே எரிகிற தலைத்தோல் இன்னும் அரிக்கும். பஸ் பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது ஜன்னல் காற்றுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அடுப்படியில் அதைவிட மோசம். செயற்கை முடி அனல் பட்டாலே சுருண்டு பாழாகிவிடும், மீன்குழம்பைத் திறக்கும்போது வரும் ஆவியே போதும். நிஜ முடி விக் சூட்டைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் விலை பல மடங்கு, அலசிப் பராமரிக்கும் வேலையும் கூட. மதினி பூசைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் விக் வைத்தார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அது போட்ட காசுக்குத் தகும்.

மற்ற நேரமெல்லாம் அந்த நூல்சேலைத் துண்டுதான். என் மனசும் அதன் பக்கம்தான். பட்டும் பாலியஸ்டரும் வழுக்கும், நூல்துணி பிடித்து நிற்கும், வியர்வையை உறிஞ்சும், துவைத்தால் அரை மணியில் காயும். தையல் உள்பக்கம் உறுத்தாமல் கட்ட வேண்டும், அவ்வளவுதான். வெறும் தலைத்தோல் வெயிலில் சீக்கிரம் புண்ணாகும் என்பதால் வெளியே போக எப்படியும் ஏதாவது போட்டாக வேண்டும். அப்புறம், இங்கே தலையில் துணி கட்டிய பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார் கட்டுகிறார்கள், கீழக்கரையில் முக்காடு இல்லாமல் முஸ்லிம் பெண்கள் வெளியே வருவது குறைவு, எங்கள் மாதா கோயிலிலும் முக்காடுதான். சென்னையில் இருக்கும் ஒருத்திக்கு இந்தத் துணை கிடைக்காது.

மொட்டை விஷயத்தில் அம்மா சொன்னதில் பாதி சரி. கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்ப்பதைவிட முன்கூட்டியே எடுத்துவிடுவது மனசுக்கு லேசு. இங்கே மொட்டைத் தலையைப் பார்த்தால், "நேர்த்திக்கடனா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் சவரக்கத்தி வேண்டவே வேண்டாம். கீமோ ஓடும்போது வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும், சின்னக் கீறலும் பழுத்துக் காய்ச்சலில் விடும். நாங்கள் வீட்டிலேயே ட்ரிம்மர் வைத்து ஒட்ட எடுத்தோம். அதற்கு முன் பின்னலை முழுசாக வெட்டிக் கொடுத்தார் மதினி. அம்மா அதைத் துணியில் சுற்றி வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய்ச் செலுத்திவிட்டு வந்தார். அம்மாவுக்கும் நிறைவு, மதினிக்கும் காயமில்லை.

புருவமும் இமைமுடியும் போகலாம் என்பதை எங்களுக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. மதினிக்குத் தலைமுடியைவிட அதுதான் வலித்தது. புருவ பென்சில் ஒன்று முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டாம் மாதம் பஞ்சுபோல முளைத்தது. நேராக இருந்த முடி சுருளாக வந்தது, அப்படி மாறுவதும் உண்டாம். விக்கை அலசிக் காயவைத்து, மகள் நிச்சயதார்த்தத்துக்குக் காத்திருந்த மண்டபம் ஊர் அக்கா ஒருவருக்குக் கொடுத்தோம். அதற்கடியில் இரண்டு சேலைத் துண்டுகளையும் மதினி மடித்து வைத்தார்.