மண் கேட்காத செடி: கோவை நர்சரியில் வாங்கிய டில்லாண்ட்சியா

கோவை நர்சரி ஒன்றில் வாங்கிய டில்லாண்ட்சியா அயனாந்தா, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் காற்றுச் செடி. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். வேர் மரத்தைப் பற்றிக்கொள்ளத்தான். தண்ணீர் குடிப்பது இலை. இலைமேல் சாம்பல் பூத்தாற்போலத் தெரிவது டிரைக்கோம் எனப்படும் நுண்செதில்கள். நனைந்ததும் அவை படிந்து நீரை உள்ளிழுக்க, செடி கண்ணெதிரே பச்சையாகிறது. காய்ந்ததும் செதில்கள் நிமிர்ந்து வெயிலைச் சிதறடிக்க, மறுபடியும் வெளுக்கிறது. இந்த நிறமாற்றத்துக்காகவே கொடுத்த விலை தகும்.

இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிப் பகலில் மூடிக்கொள்வதால், வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சும் நாட்களையும் இது தாங்குகிறது. இரவில் இலை ஈரமாக இருந்தால் அந்தத் துளைகள் வழியே வாயு நுழையாது, அதனாலேயே மாலையில் நனைப்பது தவறு. காலையில் 20 நிமிடம் ஊறவைத்து, தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். நம் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீர் செதில்களை அடைத்துவிடும், மழைநீரே உத்தமம்.

கடையில் பிடிக்காதது, செடியை மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து விற்பதுதான். காற்றோட்டமில்லாமல் இலைகளின் அடியில் தங்கும் நீர் குருத்தை அழுகச் செய்துவிடும் என்பது விற்பவருக்குத் தெரியாதா என்ன? குடுவையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் கேட்டு வாங்குங்கள், விலையும் குறையும்.