ராஜ்தூத் 350-இன் பிளக் ஒயர்: நறுக்குவதா, ஒட்டுப்போடுவதா, காயிலோடு மாற்றுவதா?

யமஹாவின் ஆர்டி350 வண்டியைத் தழுவி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த ராஜ்தூத் 350-களில், இன்றும் சாலையில் ஓடுபவை பலவற்றுக்கு வயது நாற்பதை ஒட்டிவிட்டது. சிலிண்டரைப் போர் செய்து, கிராங்க் பிரித்துக் கோத்து, கார்புரேட்டர்களைப் புதிதாக்கி, பெயின்ட் வேலைக்கும் தனியாகச் செலவழித்தவர்கள்கூட, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் அந்த ஒரு அடி ஒயரைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெளிப்பார்வைக்கு அது கறுப்பாக, முழுதாக, குறையில்லாமல் தெரிவதுதான் காரணம்.

நோய் தெரிய வரும் விதம் ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்பிவிடும்; பத்துக் கிலோமீட்டர் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கும்; பிளக்கைக் கழற்றினால் ஆயிலில் நனைந்து கறுத்திருக்கும்; புதுப் பிளக் போட்டதும் சரியாகும், மறுநாள் திரும்பவும் அதே கதை. ஜெட்டைச் சுத்தம் செய்து, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் பாயிண்டைத் தேய்த்து, அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மாற்றிய பிறகுதான் பலருக்கு ஒயரின் நினைவே வருகிறது. இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட், தனித்தனிக் கண்டென்சர், தனித்தனிக் காயில் என்று அமைந்திருப்பது நமக்கு ஒரு கொடை. இரண்டு பிளக் கேப்புகளையும் இடவலமாக மாற்றித் திருகிப் பார்த்து, அடுத்த சிலிண்டருக்குக் கோளாறு இடம்பெயர்ந்தால் குற்றம் கேப்பில் இருக்கிறது. பெயராமல் நின்றால் ஒயரையும் காயிலையும் பார்க்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஓர் இணை கிடையாது.

ராஜ்தூத்தில் இந்த வேலையைச் சிக்கலாக்குவது ஒன்றுதான். ஒயர் காயிலின் வாய்க்குள் வைத்து வார்க்கப்பட்டிருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் இருப்பதுபோல மூடியைத் திருகி, பழைய ஒயரை உருவி, புதியதைச் செருகிவிட முடியாது. ஆகவே ஒயரை மாற்றுவது என்று சொன்னாலும், உண்மையில் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகவே அது அமைகிறது: பழைய ஒயரின் நுனியை நறுக்கிவிட்டுப் புதுக் கேப் போடுவது, நடுவில் வெட்டிப் புது ஒயரை இணைப்பது, காயிலின் வாயைக் குடைந்து புது ஒயரைப் பதிப்பது, காயிலையே மாற்றிவிடுவது.

முதல் வழிக்குச் செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை; பலருக்கு இதைத் தாண்டிப் போகவேண்டிய தேவையே வராது. பிளக் கேப்பை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி ஒயரின் நுனியைப் பார்த்தால், செம்பிழைகள் பச்சை பூத்தோ கரி பிடித்தோ இருக்கும். கேப்பின் உள்ளே இருக்கும் திருகு முள் வருடக்கணக்காக அதிர்ந்து அதிர்ந்து இழைகளை இருபுறமும் தள்ளி நடுவில் ஒரு பள்ளம் ஏற்படுத்தியிருக்கும். கூர்மையான கத்தியால் அரை சென்டிமீட்டர் நேர்குத்தாக நறுக்கி, இழைகள் பளிச்சென்று செம்பு நிறத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இன்னும் அரை சென்டிமீட்டர் நறுக்கலாம். சுத்தமான செம்பு வந்ததும் புதுக் கேப்பை வலப்பக்கமாகத் திருகினால், முள் இழைகளின் நடுவே இறங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்த வழி செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஒயரின் மேலுறையில் உயிர் இருக்க வேண்டும். டாங்கைக் கழற்றிவிட்டு, காயிலின் வாயருகே ஒயரை மெல்ல வளைத்துப் பார்க்கும்போது மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தால், நுனியை எவ்வளவு நறுக்கினாலும் பயன் இல்லை.

அந்த வெடிப்பு என்ன செய்கிறது என்பதை நான் நேரில் கண்டேன். மழைக்கால இரவு ஒன்றில், வாசல் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயால் ஒயரின் மீது லேசாக நீர் தூவினேன். ஒயர் ஃபிரேம் குழாயைத் தொட்டும் தொடாமலும் போகும் ஓரிடத்தில், ஊசி நுனி அளவுக்கு ஒரு நீலப் பொறி தாவியது. அது தாவிய ஒவ்வொரு முறையும் வலப்பக்க சைலன்சரின் ஓசை ஒரு துடிப்பைத் தவறவிட்டது. இரண்டு மாதமாக நான் கார்புரேட்டரில் தேடிக்கொண்டிருந்த கோளாறு அங்கே இருந்தது. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் பெட்ரோல் காக்கிலோ குழாயிலோ கசிவு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒயரை வெறுங்கையால் தொடவும் கூடாது.

இரண்டாவது வழியான ஒட்டுப்போடுதல்தான் பட்டறைகளில் அதிகம் நடக்கிறது. இரு முனைகளிலும் திருகு முள் உள்ள சிறிய பிளாஸ்டிக் இணைப்பான் ஒன்றை வாங்கி, காயிலின் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி நல்ல ஒயர் இருக்கும் இடத்தில் வெட்டி, ஒரு பக்கம் பழையதையும் மறுபக்கம் புதியதையும் திருகுவார்கள். முறையாகச் செய்தால் இது வேலை செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. வெளியூரில் வண்டி நின்றுவிட்டால் வீடு வந்து சேர இதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் ஒயர் பெரும்பாலும் வெடிப்பது காயிலின் வாயருகேதான்; ஒட்டுப்போட்டால் அந்தப் பகுதி அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. அதோடு, டாங்குக்கு அடியில், இரும்புக் குழாய்க்கு மிக அருகில், வண்டி கழுவும் தண்ணீர் இறங்கித் தங்கும் இடத்தில் ஒரு புது இணைப்பு உண்டாகிறது. நீரும் தூசியும் சேர்ந்து இணைப்பானின் மேல் ஒரு தடம் அமைத்துவிட்டால் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கை விட்டுவிட்டு அந்தத் தடத்தில் ஓடிவிடும். இணைப்பானுக்குப் பதிலாக இழைகளை முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவதை ஒருபோதும் ஏற்க முடியாது. வீட்டு மின்சாரத்துக்கான அந்த டேப் இந்த அழுத்தத்தைத் தாங்காது.

மூன்றாவது, காயிலைக் குடைவது. காயிலின் வாய் மட்டத்தில் ஒயரை வெட்டி, மெல்லிய டிரில் பிட்டைக் கையாலேயே சுழற்றி, பழைய இழைகளையும் மேலுறையையும் துகள்துகளாக வெளியே எடுக்க வேண்டும். அடியில் உலோகம் தட்டுப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். அங்கே முள் நிற்கிறதா, இழை ஈயம் வைத்துப் பற்றப்பட்டிருக்கிறதா என்பதைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பிறகு புது ஒயரை அந்த உலோகத்தோடு தொடர்பு கொள்ளும்படி இறக்கி, மல்டிமீட்டரில் தடையின் எண் நிலையாக வருகிறதா என்று பார்த்து, எபாக்சியால் வாயை அடைக்க வேண்டும். எந்த எண் வர வேண்டும் என்று குழம்ப வேண்டியதில்லை; வேலையைத் தொடங்கும் முன்பே அதே காயிலையும் அடுத்த காயிலையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். அசல் காயில் வண்டியிலேயே இருக்கும், தோற்றமும் மாறாது, ஒட்டும் இருக்காது என்ற வகையில் பழமையைப் பேண விரும்புகிறவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி. ஆனால் டிரில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் காயில் போய்விடும். செத்துப்போன காயில் ஒன்றைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கி, அதில் ஒருமுறை கைப்பழக்கம் செய்துவிட்டு அசலில் கை வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான்காவது வழி, காயிலையே மாற்றுவது. தினமும் வண்டியை ஓட்டுகிறவருக்கு, மழையிலும் நெடுஞ்சாலையிலும் நம்பிப் போகிறவருக்கு, நான் இதையே சொல்வேன். ஒயரைத் திருகிப் பொருத்தும் வகைக் காயில் கிடைத்தால் அடுத்த முறை ஒயர் மாற்றுவது பத்து நிமிட வேலையாகிவிடும். ஆனால் இந்த வழியில்தான் பெரிய தவறும் நடக்கிறது. சென்னையில் ஒரு கடையில் “எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க” என்று சொல்லிக் கொடுத்த காயிலை நம்பி மாட்டினேன். மூன்றாம் நாள் பாயிண்டின் முகம் கருகிப் பள்ளம் விழுந்திருந்தது. அது பாயிண்ட் இல்லாமல் மின்னணு முறையில் பொறி எழுப்பும் சிடிஐ வண்டிக்கான காயில். பாயிண்ட் வண்டிக்கான காயிலில் பேட்டரி மின்சாரம் ஓடும் பிரைமரி சுற்றின் தடை பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். 4 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் ஓடும். சிடிஐ காயிலின் பிரைமரி 1 ஓமுக்கும் கீழே. அதை அரை ஓம் என்று கொண்டால் கணக்குப்படி 24 ஆம்பியர் வருகிறது, எந்தப் பாயிண்டும் அதைத் தாங்காது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதால், கடைக்கே மல்டிமீட்டரை எடுத்துச் சென்று அளந்து பார்த்து வாங்க வேண்டும். வாங்கும்போது இரண்டையும் ஒரே வகையாக வாங்குங்கள். ஒரு பக்கம் அசலும் மறுபக்கம் புதியதுமாக ஓடும் வண்டியில், அடுத்த கோளாறு வரும்போது இடவலமாக ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி போய்விடும்.

எந்த வழியில் போனாலும் எந்த ஒயர் என்ற கேள்வி அடுத்து வரும். செம்பிழை ஒயர், கரி ஒயர், சுருள் ஒயர் என்று மூன்று வகைகள் கிடைக்கின்றன. கரி ஒயர் கார்களுக்காக வந்தது. கரி ஏற்றிய நார்தான் அதன் நடு. ஒரு அடிக்குச் சில ஆயிரம் ஓம் தடை இருக்கும். ராஜ்தூத்தின் கேப்பில் இருக்கும் திருகு முள் அந்த நாரைப் பிடித்துக்கொள்ள முடியாது. முதல் நாள் வேலை செய்யும், பிறகு அதிர்வில் நார் விலகி உள்ளேயே பொறி தாவத் தொடங்கும். சுருள் ஒயரில் தடை குறைவுதான், ஆனால் அதன் நடுவும் நார்தான். அழுத்திப் பொருத்தும் முனைகளோடுதான் அது சரிப்படும். ஆகவே இந்த வண்டிக்கு 7 மில்லிமீட்டர் செம்பிழை ஒயர்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தடிமனான 8 மில்லிமீட்டர் ஒயர் கேப்பின் ரப்பர் வாய்க்குள் நுழையாமல் பாடுபடுத்தும். அதனால் பொறி வலுக்கும் என்பதும் உண்மையில்லை.

மேலுறையைப் பொறுத்தவரை பிவிசி, சிலிக்கான் இரண்டிலும் குறை உண்டு. பிவிசி மலிவு, உரசலையும் தாங்கும். ஆனால் 100 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே இளகிவிடும், வருடங்கள் போகப் போக விறைத்து வெடிக்கும். சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும், முதுமையிலும் குழைவாகவே இருக்கும். ஆனால் கூரான விளிம்பில் உரசினால் எளிதில் கிழிந்துவிடும். காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் ஹெட்டின் மேல், ஏப்ரல், மே மாதப் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டி என்பதை எண்ணி, நான் சிலிக்கானைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஃபிரேமில் உரசும் இடத்தில் மட்டும் ஒரு சிறு குழாய்த்துண்டைக் கவசமாகப் போர்த்தினேன்.

கடைசியாகப் பிளக் கேப். ரெசிஸ்டர், அதாவது மின்தடை, வைத்த கேப் போட்டால் பொறி செத்துவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பிளக்கின் இடைவெளியில் பொறி தாவும் வரை ஒயரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் ரெசிஸ்டர் வோல்ட்டை விழுங்க முடியாது. தாவிய பிறகு ஓடுவது 50 மில்லி ஆம்பியர் என்று கொண்டாலும், 5 கிலோ ஓம் ரெசிஸ்டரில் விழுவது 250 வோல்ட். தாவுவதற்குத் தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டோடு ஒப்பிட்டால் அது சிறிது. கெடுதல் வருவது அடுக்கும்போதுதான். கேப்பில் 5, ரெசிஸ்டர் வைத்த பிஆர்8எச்எஸ் பிளக்கில் 5, கரி ஒயரில் இன்னும் ஒரு 5 என்று 15 கிலோ ஓம் சேர்ந்துவிட்டால் 750 வோல்ட் விழும். பொறி எரிந்து நிற்கும் நேரம் குறுகும். பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனத்தின் எல்பி05எஃப் போன்ற 5 கிலோ ஓம் கேப், ரெசிஸ்டர் இல்லாத பி8எச்எஸ் பிளக், செம்பிழை ஒயர் என்ற சேர்க்கை போதுமானது. பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் பொருத்தியவர்கள் இந்த 5 கிலோ ஓமைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறி எழுப்பும் அலைகள் அதன் மின்சுற்றைக் குழப்பிவிடும். பழைய கேப்பையும் அளந்து பாருங்கள்: 5 காட்ட வேண்டியது 20 காட்டினாலோ, எண்ணே காட்டாவிட்டாலோ, உள்ளே ரெசிஸ்டர் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும் கோத்த பிறகு பொறியைச் சோதிக்கும்போது, ஒயரை அந்தரத்தில் விட்டு உதைக்காதீர்கள்; போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள்காப்பையே துளைத்துவிடக்கூடும். பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடலை ஹெட்டின் மேல் அழுத்தி வைத்து உதையுங்கள். ஒயரை அளந்து வெட்டும்போது, டாங்கை வைத்துப் பார்த்துத் தேவையான நீளத்தைவிட மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டினால், சில ஆண்டுகள் கழித்துக் கேப்பின் பக்கம் பச்சை பூக்கும்போது நறுக்குவதற்கு இடம் இருக்கும்.