தைராய்டு மாத்திரை காலையிலயா, ராத்திரியா? ரெண்டையும் போட்டுப் பாத்தவ சொல்லுதேன்

எனக்குத் தைராய்டு கம்மின்னு கண்டுபிடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. மொத ஆறு வருஷம் காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டேன், இப்ப ரெண்டு வருஷமா ராத்திரி படுக்கப் போகும்போது போடுதேன். எனக்கு ராத்திரிதான் ஒத்துப்போச்சு, அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் எழுதுவேன். ஆனா எங்க அம்மைக்கு நானே காலையிலதான் குடுக்கச் சொல்லியிருக்கேன், ஏன்னு கடைசில சொல்லுதேன்.

மருந்துல வித்தியாசம் இல்ல. தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ், எந்த டப்பாவா இருந்தாலும் உள்ள இருக்கது லெவோதைராக்சின்தான். நமக்குப் பழகின கம்பெனிய மட்டும் சும்மா சும்மா மாத்தாதீங்க, கடைக்காரர் வேற குடுத்தார்னா டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நேரத்தைப் பொறுத்தவரை அமெரிக்க தைராய்டு சங்கம் 2014ல போட்ட வழிகாட்டுதல்ல ரெண்டுக்குமே இடம் இருக்கு: காலைச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முந்தி, இல்லாட்டி ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழிச்சு. அப்போ முடிவு பண்ணுறது ஒரே ஒரு விஷயந்தான், அந்த இடைவெளி. உங்க வீட்டுல எந்த நேரத்துல அந்த இடைவெளிய தினமும் காப்பாத்த முடியும்?

எங்க வீட்டுல காலையில முடியல. அம்பாசமுத்திரத்துல எங்க தெருவுக்கு விடியக்காலம் தண்ணி வரும், அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஒரு டம்ளர் தண்ணியில மாத்திரைய முழுங்கிட்டுக் குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிருவேன், திரும்பி வாரதுக்குள்ள அத்தை எந்திரிச்சு காபிக்கு உக்காந்திருப்பாவ, அவியளுக்கு ஆத்துற கையோட எனக்கும் ஒரு டம்ளர் ஆத்திருவேன். கணக்குப் பாத்தா மாத்திரைக்கும் காபிக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷம் இருந்தா அதிகம். அப்புறம் ஏழரைக்கு இட்லி, அது முடிஞ்ச உடனே இரும்புச்சத்து மாத்திரை, ரத்தம் கம்மின்னு அதுவும் எழுதியிருந்தாவ. நான் என்னமோ ஒழுங்கா வெறும் வயித்துலதான் போடுதோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

டிஎஸ்ஹெச் இறங்கவே இல்ல. டிஎஸ்ஹெச்னா ரத்தப் பரிசோதனையில பாக்குற ஒரு அளவு, தைராய்டு மருந்து பத்தலன்னா ஏறும், கூடிப்போனா இறங்கிரும். 50 மைக்ரோகிராம் 75 ஆச்சு, அப்பவும் ரிப்போர்ட்ல 8.4, அப்புறம் 100 ஆச்சு. பாளையங்கோட்டையில வேற ஒரு டாக்டரம்மாட்ட போனப்பதான் அவிய சீட்டு எழுதாம பேனாவ மூடி வச்சுட்டு "காலையில எந்திரிச்சதுலேருந்து என்னென்ன வாயில போடுதீங்க, வரிசையா சொல்லுங்க"ன்னு கேட்டாவ. நான் சொல்லச் சொல்ல அவியளுக்குப் புரிஞ்சிட்டு. மாத்திரை வயித்துல கரைஞ்சு சிறுகுடல்லதான் ரத்தத்துல சேரும், வெறும் வயித்துலயே முழுசும் சேராது, எழுபது எம்பது சதவீதந்தான். அதுல காபி, சோயா எல்லாம் குறுக்க விழுந்தா இன்னும் குறையும். இரும்புச்சத்தும் கால்சியமும் மாத்திரைய அப்படியே புடிச்சுக்கிடும், அதுக்குத்தான் அந்த மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுதாவ. கேஸ் மாத்திரை தினமும் போடுதவங்களும் டாக்டர்ட்ட அதைச் சொல்லணும், வயித்துல அமிலம் குறைஞ்சாலும் இது சரியா ஏறாது.

அன்னைக்கே ராத்திரிக்கு மாறிட்டேன். எங்க வீட்டுல ஏழரைக்குள்ள சாப்பாடு முடிஞ்சிரும், பத்தே முக்காலுக்குப் படுக்கும்போது தலைமாட்டுல இருக்க தண்ணியில மாத்திரை, அவ்வளவுதான். இரும்புச்சத்து மாத்திரை மத்தியானத்துக்குப் போயிட்டு. காலையில காபிய நிம்மதியா குடிக்கேன். ரத்தப் பரிசோதனைக்கும் இது லேசு. காலையில போடுதவங்க ரத்தம் குடுத்துட்டு அப்புறமா மாத்திரை போடணும், எனக்கு அந்த ஞாபகமே வேண்டாம்.

இன்னொண்ணு, டப்பா அடுப்பங்கரைய விட்டு வெளிய வந்துச்சு. மொதல்ல அடுப்புக்கு மேல உள்ள தட்டுலதான் வச்சிருந்தேன், சோறு வடிக்க ஆவி நேரா அதுலதான் அடிக்கும், அக்னி நட்சத்திரத்துல தொட்டா டப்பாவே சுடும். சூடு, ஈரம், வெளிச்சம் மூணுமே இந்த மருந்துக்கு ஆகாது.

ஆனா மாறினதுல ஒரு ஆபத்து இருந்துச்சு, இதை யாரும் விட்டுராதீங்க. காபி தின்ன மருந்துக்குச் சேத்துத்தான் என் அளவு 100க்கு ஏறியிருந்துச்சு. இப்ப காபி நடுவுல இல்ல, மருந்து நல்லா உள்ள போக ஆரம்பிச்சிட்டு, ஒரு மாசத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கு, கை நடுங்குது, தூக்கம் இல்ல. ஏழாவது வாரம் டிஎஸ்ஹெச் பாத்தா 0.2. அளவு 75க்கு இறங்கின பிறகுதான் சரியாச்சு. அதனால நேரத்தை மாத்தணும்னா டாக்டர்ட்ட சொல்லிட்டு மாத்துங்க, 6லேருந்து 8 வாரத்துல கட்டாயம் டெஸ்ட் எடுங்க. இந்த மருந்து உடம்புல பாதியா குறையவே ஒரு வாரம் கிட்ட ஆகும், அதனால பத்து நாள்ல டெஸ்ட் எடுத்தா உண்மை தெரியாது. எனக்கு அந்தப் படபடப்பு வந்தப்பவே போயிருக்கணும், ஏழு வாரம் பொறுத்தது தப்பு. கூடுதலான அளவு நெடுநாள் ஓடுனா இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கும், மாதவிலக்கு நின்னவங்களுக்கு எலும்பையும் அரிச்சிரும்.

ஆராய்ச்சியும் ஒரே பக்கமா இல்ல. 2010ல நெதர்லாந்துல 90 பேருக்குப் பாத்ததுல ராத்திரிதான் நல்லா வேலை செஞ்சுது, அதுக்கு ஒரு வருஷம் முந்தி அமெரிக்காவுல வந்த ஒண்ணுல காலை வெறும் வயிறுதான் முன்னாடி நின்னுச்சு. அதனால என் கதைய மட்டும் வச்சு ராத்திரிதான் ஒசத்தின்னு சொல்ல மாட்டேன்.

ராத்திரிக்கு உள்ள தொல்லை என்னன்னா, கோயில் கொடை வந்தா சாமக்கொடை முடிஞ்சு நடுராத்திரிதான் சாப்பாடு, கல்யாண வீட்டுலயும் அப்படித்தான். அந்த மாதிரி நாள்ல மறுநாள் காலையில எந்திரிச்ச உடனே போட்டுட்டு ஒரு மணி நேரம் எதுவும் தொடமாட்டேன், ராத்திரி வழக்கம்போல. ஒரு நாள் தவறுனதால மருந்து உடம்புல இல்லாமப் போயிராதுன்னு டாக்டரம்மா சொல்லித்தான் இப்படிச் செய்யுதேன், இதய நோய் இருக்கவங்க அவங்க டாக்டர்ட்ட தனியா கேட்டுக்கிடணும். கர்ப்பத்துல ராத்திரி மாத்திரை போட்ட அனுபவம் எனக்கு இல்ல. ஆனா நாள் தள்ளிப்போச்சுன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லிருங்க, அந்த நேரத்துல மருந்துத் தேவை கூடும், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுல பீடி சுத்துத அக்கா காலையிலதான் போடுதாவ, அவியளுக்கு அதுதான் சரி. அஞ்சு மணிக்கு மாத்திரைய போட்டுட்டு இலை வெட்ட உக்காந்தா ஒரு கட்டு முடியாம எந்திரிக்க மாட்டாவ, காபி ஆறரைக்குத்தான்.

அம்மைக்கு ராத்திரி சாப்பாடு ஒம்பதரைக்கு, சாப்பிட்டு முடிச்ச உடனே கால்சியம் மாத்திரை, பத்து மணிக்குத் தூங்கிருவாவ. அதுல எங்க போய் இடைவெளி தேட? அதனால அவியளுக்கு அஞ்சு மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்கு மேலதான் அடுப்புல பால் சட்டி ஏறும்னு மைனிட்ட சொல்லி வச்சிருக்கேன்.